உயிர்வளியும் உடலின் காவலரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் நிகழவிருக்கும் இம் மேடையில் மருத்துவம் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். நாம் இமைப்பொழுதும் பிரியாது உட்கொள்ளும் ஒரு பொருளைப் பற்றிப் பேச எண்ணுகின்றேன். பிராணவாயு என்றும் உயிர்வளி என்றும் நாம் வழங்கும் ஆக்சிஜனே அப் பொருள். அது நம்மை வாழ்விக்கின்றது. அதுவே நம்மைச் சிறுகச் சிறுக அரிக்கவும் செய்கின்றது. அவ்வரிப்பினின்று நம்மைக் காக்கும் நொதிகள் யாவை? அவை குறையின் நேர்வது யாது? கடையில் விற்கும் மாத்திரைகள் அவற்றுக்கு ஈடாகுமா? இம் மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

1774ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பார் இவ் வளியைப் பிரித்தெடுத்தார். அதனுள் வைத்த மெழுகுவத்தி பேரொளியுடன் எரிந்து விரைவில் தீர்ந்தது. அதனைக் கண்ட அவர், இத் தூய வளியையே மனிதன் எப்பொழுதும் உட்கொண்டால் அவன் வாழ்நாளும் மெழுகுவத்தியைப் போலவே விரைந்து தீர்ந்துவிடுமோ என ஐயுற்று எழுதினார். அவ்வையம் வெறுங் கற்பனை அன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1954இல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மன் என்னும் அம்மையார், அளவிறந்த ஆக்சிஜன் உடலுக்கு விளைக்கும் தீங்கும் எக்ஸ் கதிர் விளைக்கும் தீங்கும் ஒரே வழியில் நிகழ்வன என்று தம் துணைவர்களுடன் எடுத்துக் காட்டினார். இரண்டாண்டு கழித்து, 1956இல், அமெரிக்க அறிஞர் டென்ஹம் ஹார்மன் முதுமைக்கும் அதுவே காரணமாகலாம் என்னும் கொள்கையை வெளியிட்டார். முதுமைக்குக் காரணம் அஃது ஒன்றே அன்று என இன்று அறிவோம். எனினும் அவர் காட்டிய திசையில் சென்றே பல உண்மைகள் வெளிப்பட்டன.

அவ் வழிதான் யாது? நம் உயிரணுக்கள் பெரும்பாலானவற்றில் இழைமணிகள் என்னும் நுண்ணிய உலைக்களங்கள் உள்ளன. நாம் உண்ட உணவிலிருந்து பெறப்படும் எலெக்ட்ரான்கள் அங்கே கைமாறிக் கைமாறிச் சென்று இறுதியில் ஆக்சிஜனை அடைகின்றன. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலெக்ட்ரான்களைப் பெற்றால் தீங்கற்ற நீராகிவிடும். ஆயினும் இடையில் ஓரிரு எலெக்ட்ரான்கள் வழி தவறிச் சிந்துவதுண்டு. ஒன்றை மட்டும் பெற்ற ஆக்சிஜன் சூப்பர் ஆக்சைடு ஆகின்றது. இரண்டைப் பெற்றது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகின்றது. இப் பெராக்சைடு கட்டற்ற இரும்பைச் சந்திக்க நேரின் ஹைட்ராக்சில் என்னும் கொடிய பொருள் பிறக்கின்றது. சூப்பர் ஆக்சைடும் ஹைட்ராக்சிலும் துணையற்ற எலெக்ட்ரானை உடையன. ஆதலின் அவற்றைத் தனி உறுப்புகள் என்பர். துணை தேடி அலையும் இவை, எதிர்ப்பட்டதைத் தாக்கும். உயிரணுவின் கொழுப்புச் சவ்வு கெடும், புரதம் உருக்குலையும், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யும் பழுதுறும். இத் தாக்குதல் மிகுந்து காவல் குறைந்த நிலையையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கின்றனர்.

இனிக் காவலரைக் காண்போம். முதற்காவலரின் வரலாறு சுவையானது. 1938இல் கேம்பிரிட்ஜில் மான், கீலின் என்னும் இருவர் மாட்டுக் குருதியிலிருந்து நீலப்பச்சை நிறமுள்ள, செம்பு கலந்த ஒரு புரதத்தைப் பிரித்தனர். அதன் பணி யாது என எவர்க்கும் விளங்கவில்லை. முப்பது ஆண்டுகட்கு மேலாக அது செம்பைச் சேமித்து வைக்கும் பண்டமெனவே கருதப்பட்டது. 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃபிரிடோவிச்சும் அவர் மாணவர் ஜோ மெக்கார்டும், அது சூப்பர் ஆக்சைடை மிக விரைவாக அழிக்கும் நொதி என்று கண்டனர். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என அதற்குப் பெயரிட்டனர். செம்பும் துத்தநாகமும் கொண்ட ஒரு வகை உயிரணுவின் பொது வெளியில் காவல் புரிகின்றது. மாங்கனீசு கொண்ட மற்றொரு வகை இழைமணியின் உள்ளேயே இருக்கின்றது. இப் பின்னதை மரபு மாற்றத்தால் நீக்கிப் பிறப்பித்த எலிக்குஞ்சுகள் நெடுநாள் பிழைக்கவில்லை என 1995இல் ஆய்வாளர் கண்டனர். இக் காவலர் இன்றேல் மூச்சே நமக்குப் பகையாகும் என்பது இதனால் விளங்கும்.

முதற்காவலர் சூப்பர் ஆக்சைடை மாற்றும்பொழுது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகின்றது. அதனை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைப்பது கேட்டலேஸ் என்னும் இரண்டாங் காவலர். புண்ணின்மேல் பெராக்சைடை ஊற்றினால் வெண்ணுரை பொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந் நுரை கேட்டலேஸின் செயலே. இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த ஆண்டு, ஜப்பானில் ஒகயாமா நகரில் தகஹாரா என்னும் மருத்துவர் வாய் அழுகிய ஒரு சிறுமிக்கு அறுவை மருத்துவம் செய்தார். புண்ணில் பெராக்சைடை ஊற்றியபொழுது நுரை எழவில்லை. குருதி கறுத்துப் போயிற்று. மருந்து மாறிவிட்டதோ என ஐயுற்று வேறு புட்டியைத் தருவித்தும் பயன் இல்லை. அச் சிறுமியின் குருதியில் கேட்டலேஸ் இல்லை என்று அவர் ஆராய்ந்து கண்டார். நொதியொன்று பிறவியிலேயே குன்றியிருத்தலாம் என்பதற்கு அஃது ஓர் அரிய சான்றாயிற்று. ஆயினும் இக் குறையுடையோர் பலர் பெரிய நோய் இன்றி வாழ்கின்றனர் என்பதும் பின்னர்த் தெரிந்தது. ஒரு காவலர் இல்லாதவிடத்து மற்றொருவர் அப் பணியை ஏற்கின்றார் என்பதே அதற்குக் காரணம்.

அம் மூன்றாங் காவலர் குளூட்டாத்தையோன் பெராக்சிடேஸ். 1957இல் மில்ஸ் என்பார் இதனைக் கண்டறிந்தார். செலினியம் என்னும் தனிமம் இதன் உயிர்நாடி என்பது 1973இல் வெளிப்பட்டது. சீன நாட்டில் செலினியம் குன்றிய மண்ணில் விளைந்ததையே உண்டு வாழ்ந்த மக்களிடையே கேஷான் நோய் என்னும் இதயத் தசை நோய் பரவியிருந்தது. சிறிதளவு செலினிய உப்பு அளித்தமையால் அந்நோய் பெரிதும் தணிந்தது. மண்ணின் குறை மனிதரின் இதயத்தைத் தாக்கிய வரலாறு இது.

அன்பர்களே! இவ் வேதியியல் எல்லாம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவது என எண்ணிவிடாதீர்கள். நம் வீட்டுப் பெட்டியினுள்ளும் இதற்கு இடமுண்டு. மூன்றாங் காவலர் பணி புரிதற்குக் குளூட்டாத்தையோன் என்னும் படைக்கலம் வேண்டும். பயன்பட்ட படைக்கலத்தை மீண்டும் கூர்தீட்டித் தருவதற்கு ஜி6பிடி என்னும் நொதி வழிசெய்கின்றது. செங்குருதியணுவில் இழைமணி இல்லாமையால், இக் கூர்தீட்டலுக்கு அவ்வொரு வழியே உண்டு. இந் நொதி குன்றியவர் உலகெங்கும் நாற்பது கோடி மக்கள் என மதிப்பிட்டுள்ளனர். நம் நாட்டில் பார்சி மக்களிடையிலும் பழங்குடியினர் சிலரிடையிலும் இக் குறை மிகுதி. ஏனையோரிடத்தும் இல்லாமல் இல்லை. எக்ஸ் நிறப்புரி வழியாக வருவதாதலின் ஆண்களையே பெரிதும் தாக்குகின்றது.

இக் குறையுடையோர் நாள்தோறும் நலமாகவே இருப்பர். தமக்கு அக் குறை உண்டென்பதே அறியார். முறைக்காய்ச்சலுக்கு வழங்கப்படும் பிரைமாகுவின் போன்ற மருந்தொன்றை உட்கொண்டால், சில நாளில் குருதியணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, மஞ்சட்காமாலையும் சோகையும் தோன்றும். சிலர்க்கு மருந்து ஏற்றமை ஏன், சிலர்க்கு ஏலாமை ஏன் என்னும் புதிருக்கு 1956இல் அமெரிக்க ஆய்வாளர் இந் நொதிக் குறையையே விடையாகக் கண்டனர். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஃபாவா என்னும் ஒருவகை மொச்சையை உண்டு சிலர் நோயுறுவதன் காரணமும் இதுவே.

இனி நான் கூறப் போவதைத் தாய்மார்கள் சிறப்பாகக் கேட்க வேண்டுகின்றேன். தமிழ்நாட்டில் கம்பளிக்கு வேலை குறைவு. இத் தில்லி மாநகருக்கு வந்தபின் கம்பளிச் சட்டையும் பஞ்சு மெத்தைப் போர்வையும் நமக்கு இன்றியமையாதன ஆயின. கோடை வந்ததும் அவற்றைப் பெட்டியில் இட்டு, இடையிடையே பாச்சை உருண்டை வைத்துப் பூட்டுகின்றோம். அவ்வுருண்டை பெரும்பாலும் நாப்தலீன். குளிர் தொடங்கியதும் பெட்டியைத் திறந்து, அந்த மணத்தோடேயே பிறந்த குழந்தையைப் போர்த்துகின்றோம். அவ் வாவி தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உட்செல்லும். உடலில் அது மாறுதலுற்றுக் குருதியணுக்களைத் தாக்கும் பொருளாகின்றது. ஜி6பிடி குன்றிய பச்சிளங்குழந்தையாயின், அணுக்கள் உடைந்து மஞ்சட்காமாலை கடுமையாகும். அம் மஞ்சட்பொருள் மூளையில் படியின் உயிர்க்கே கேடு. உயிர் பிழைப்பினும் செவியும் உறுப்புகளும் வாழ்நாள் முழுதும் பழுதுறலாம். ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் இவ்வாறு நேர்ந்தமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

ஆதலின் குழந்தையுள்ள வீட்டில் பாச்சை உருண்டையைத் தவிர்த்தலே நன்று. முன்னரே வைத்திருப்பின், துணிகளை நன்கு துவைத்துப் பல நாள் வெயிலில் உலர்த்தி மணம் அறவே நீங்கியபின் பயன்படுத்துக. குழந்தையின் கண்ணும் மேனியும் மஞ்சளிக்கக் கண்டால், ஊரிலுள்ள பாட்டி சொன்ன வைத்தியத்தைக் கடிதத்தில் கேட்டுக் காத்திராது உடனே மருத்துவரிடம் செல்லுக. ஜி6பிடி குறையை எளிய குருதிச் சோதனையால் அறியலாம். குறையுடையோர் அதனை ஒரு சீட்டில் எழுதி எப்பொழுதும் உடன் வைத்திருத்தல் நலம்; எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலில் காட்டுதல் வேண்டும்.

இனி மாத்திரைகளைப் பற்றிய வினா. ஆக்சிஜனேற்றம் தீங்காயின் அதனைத் தடுக்கும் வைட்டமின்களை மிகுதியாக விழுங்கிவிடலாமே என்று தோன்றும். அறிஞர்க்கும் அவ்வாறே தோன்றிற்று. ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு பெருஞ் சோதனை ஒன்று நடந்தது. அவருள் ஒரு சாரார்க்குப் பீட்டா கரோட்டின் அளித்தனர். நுரையீரற் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்தனர். 1994இல் முடிவு வெளியானபொழுது, அதனை உண்டவரிடையே அந்நோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது. அமெரிக்காவில் நடந்த மற்றொரு சோதனையும் இத்தகைய முடிவு தோன்றியமையால் 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஈ ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயைத் தடுக்குமா எனப் பார்த்த சோதனையில், அதனை மட்டும் உண்டவரிடையே அந்நோய் 17 விழுக்காடு மிகுந்ததென 2011இல் தெரிய வந்தது.

இஃது ஏன்? தனி உறுப்புகள் முழுவதும் பகைவர் அல்ல என்பதே விடையின் ஒரு பகுதி. நோய்க்கிருமியை விழுங்கிய வெள்ளணு, சூப்பர் ஆக்சைடை வேண்டுமென்றே உண்டாக்கி அக் கிருமியைக் கொல்கின்றது. அவ்வாற்றல் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் தீராத தொற்றுகளால் வருந்துகின்றனர். மேலும், உடற்பயிற்சியின்போது எழும் சிறிதளவு ஆக்சிஜனேற்றமே நம் காவல் நொதிகளை மிகுவிக்கத் தூண்டும் அறிகுறி. பயிற்சி செய்தவர்க்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை மிகுதியாகக் கொடுத்தபொழுது, இன்சுலின் செவ்வனே செயற்படுதலாகிய பயிற்சியின் நற்பயன் மங்கிற்று என 2009இல் ஜெர்மன் ஆய்வாளர் கண்டனர். அடுப்பில் எரியும் தீ சோற்றை ஆக்கும். கூரையில் பற்றிய தீ குடியைக் கெடுக்கும். தீயே வேண்டாமென்று அடுப்பை அவித்துவிடுவார் உளரோ? அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் முதுமொழி மாத்திரைக்கும் பொருந்தும். குறைபாட்டு நோயுடையவர் மருத்துவர் சொற்படி வைட்டமின் உண்பது வேறு. நலமுடையோர் விளம்பரம் கண்டு வாங்கி விழுங்குவது வேறு.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? காவலர்க்கு வேலைப்பளுவைக் குறைத்தலே முதற்கடமை. சுருட்டு, பீடி, சிகரெட்டுப் புகையின் ஒவ்வோர் இழுப்பும் எண்ணிறந்த தனி உறுப்புகளை நுரையீரலுக்குள் கொணர்கின்றது. பிறர் விடும் புகையும் அவ்வாறே. இந் நகரின் குளிர்காலப் புகைமூட்டமும் நுண்டூசியும் அழற்சியையும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் மிகுவிப்பன. காற்று கெட்ட நாளில் முதியோரும் இளைப்பு நோயுடையோரும் வைகறை நடையை விடுத்து வீட்டினுள் உலாவுதல் தக்கது. கீரையும் காயும் கனியும் பருப்பும் நிறைந்த நம் உணவு, அந் நொதிகட்கு வேண்டிய செம்பையும் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் அளவாகத் தருகின்றது. அன்றாட உழைப்பு அந் நொதிகளை வளர்க்கின்றது. இவற்றுக்கு ஈடான மாத்திரை இதுவரை இல்லை.

கூறியவற்றுள் யாவும் மறப்பினும், பாச்சை உருண்டையையும் பச்சிளங் குழந்தையையும் பற்றிக் கூறியதை மட்டும் மறவாதீர்கள். அண்டை வீட்டார்க்கும், அவர் எம் மொழியினர் ஆயினும், எடுத்துச் சொல்லுங்கள். அதனால் ஒரு குழந்தை நலம் பெறின் இச் சொற்பொழிவு பயனுடையதாகும்.