உலகின் காலுக்கு ரப்பர் தந்தோம்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நான் செருப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். சம்பளம், போனஸ், வீடு என்று பேச வேண்டிய மேடையில் செருப்புக்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். பேச்சு முடிவதற்குள், செருப்பும் நம் சம்பளப் பேச்சோடு சேர்ந்ததுதான் என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்குப் போயிருந்தேன். வாயிலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வக்கீலின் தோல் சப்பாத்தும், கூலிக்காரரின் ஜப்பான் சிலிப்பரும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. சற்றுத் தள்ளியிருக்கும் புத்த விகாரையிலும் அப்படியே, பள்ளிவாசலிலும் அப்படியே. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவது இந்நாட்டில் எல்லா இனத்தாருக்கும் பொது வழக்கம். நாமாக மனமுவந்து கழற்றுகிறோம், அது மரியாதை. போடுவதற்கே ஒன்று இல்லாமல் நிற்பது வேறு கதை. அந்த வேறு கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

தோழர்களே! காலில் என்ன போடுவது என்பதை முதலில் முடிவு செய்வது மண்ணும் வானமும்தான். பனி உறைந்த வடகோடியில் வாழும் எஸ்கிமோ மக்கள் கடல்நாய்த் தோலில் நீர் புகாத பாதணி தைத்தார்கள். ஈரம் வற்றாத ஹாலந்து வயல்களில் குடியானவர்கள் மரத்தைக் குடைந்து சப்பாத்துச் செய்தார்கள். ஜப்பானியர், சேறு காலில் படாதிருக்க இரண்டு கட்டைகளின்மேல் நிற்கும் ‘கெத்தா’ என்ற மிதியடியைச் செய்தார்கள். மலாய்க்காரருக்கும் ‘தெரொம்பா’ என்ற மரக்கட்டைச் செருப்பு உண்டு. நம் தமிழ்நாட்டுச் செம்மண்ணின் கொதிப்புக்கும் முள்ளுக்கும் தோல் செருப்புப் பிறந்தது. அந்தந்த நாட்டின் அறிவு, அந்தந்த நாட்டின் காலில் தெரியும்.

ஆனால், யார் போடலாம், யார் போடக்கூடாது என்பதை மனிதர்கள் அல்லவா முடிவு செய்தார்கள்! 1930 டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் சிலர் கூடி, தாழ்த்தப்பட்ட மக்கள்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன் நகையும் வெள்ளி நகையும் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்பு அணியக் கூடாது. 1931ஆம் ஆண்டின் இந்திய மக்கள் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இதைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். இராமநாதபுரச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேருடைய பாட்டன்மார்! எண்ணிப் பாருங்கள்.

கடல் கடந்து வந்தார்களே, காலுக்கு ஏதேனும் கிடைத்ததா? மரியாதையாவது கிடைத்ததா? 1941இல் இதே கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? சைக்கிளில் போகும் தொழிலாளி, துரையையோ அதிகாரியையோ கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கூலி உயர்வோடு இதையும் சேர்த்துக் கேட்டார்கள். அவ்வாண்டு மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பின்னர் நாடு கடத்தினார்கள். படையும் வந்தது, தொழிலாளர் உயிரும் போயிற்று. தெருவில் தலை நிமிர்ந்து போகும் உரிமைக்கு நம் முன்னோர் கொடுத்த விலை அது.

இனி, வெறுங்காலுக்கு நாம் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

கொக்கிப்புழு என்று ஒரு புழு. கழிப்பிடம் இல்லாத இடத்தில் மனித மலத்தோடு அதன் முட்டை மண்ணில் விழுகிறது. நிழலும் ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் குஞ்சு பொரிக்கிறது. கித்தாக்காட்டைவிட அதற்கு நல்ல இடம் ஏது? வெறுங்கால் படும்போது விரலிடுக்கில் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. தோல் வழியாகப் புகும் இந்த வித்தையை, கெய்ரோவில் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1898இல் வெளியிட்டார். ஆய்வின்போது புழு நீர் தற்செயலாக அவர் கையிலேயே சிந்தியது, அரித்தது, பின்னர் அவர் வயிற்றிலும் புழு இருந்தது. அப்படித்தான் உண்மை வெளிப்பட்டது. ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இந்நோயை ஆராய்ந்தது.

இரத்தம் குறைந்தவன் எப்படி இருப்பான்? முகம் வெளிறும், மூச்சு வாங்கும், மேட்டில் ஏறினால் கால் தள்ளாடும். அவனைத்தான் “சோம்பேறி” என்று பெரட்டில் ஏசினார்கள். உடம்பில் இரத்தமில்லாதவனுக்குச் சோம்பேறிப் பட்டம்!

பாம்பையும் சொல்ல வேண்டும். கெடா, பெர்லிஸ் பக்கத்துத் தோட்டங்களில் மலாயாக் குழிவிரியன் உண்டு. ஆள் வந்தால் விலகாது; சருகோடு சருகாகக் கிடக்கும். விடியுமுன் விளக்கோடு நிரைக்குப் போகிறவர் அதை மிதித்துவிடுகிறார். கடி விழுவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான்.

இத்தனைக்கும் மருந்தாகும் ரப்பர் சப்பாத்தின் பிறப்பு என்ன? அமேசான் காட்டு மக்கள் களிமண்ணில் கால் அச்சுச் செய்து, மரப்பாலைப் பூசி, புகையில் காயவைத்துச் சப்பாத்து ஆக்கினார்கள். 1820களில் அது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் கோடையில் இளகிற்று, குளிரில் விறைத்தது. 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடேற்றும் வழியைக் கண்டார். ரப்பர் எந்தக் காலநிலையையும் தாங்கியது. 1853இல் பிரான்சில் ஹட்சின்சன் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கினார். சேற்றில் நின்ற ஐரோப்பியக் குடியானவன் கால் நனையாமல் வீடு திரும்பினான். பிறகு அந்த ரப்பரை உலகுக்குக் கொடுத்தது மலாயா. இங்கே மங்கில் பால் சேர்த்தவளின் பாதம் மட்டும் வெறும் பாதம்!

என் தாயார் அப்படிப்பட்டவர். குதிகாலில் பிளந்த வெடிப்புக்கு ஒட்டுப்பாலை உருட்டி அடைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். வெட்டிய பாலே மருந்து, அதுவே செருப்பு.

இன்று காலம் மாறியிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கித்தாக்காடுகள் பெரும்பாலும் வீட்டுமனைகளாகிவிட்டன. ‘அடிடாஸ் கம்போங்’ என்று வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் சப்பாத்து மலிவாகக் கிடைக்கிறது. சேற்றில் வழுக்காது என்பதால் மலையேறும் பட்டணத்துப் பிள்ளைகளும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில், பூட்ஸ் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வாய் திறக்கவில்லை.

1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் என்ன சொல்கிறது? அந்தச் சட்டத்தின்படி பாதுகாப்புக்காகச் செய்யப்படும் எதற்கும், கொடுக்கப்படும் எதற்கும், தொழிலாளியிடம் முதலாளி காசு வாங்கக் கூடாது என்கிறது அதன் 26ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நமக்கும் கடமை விதிக்கிறது: கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை அணிய வேண்டும். “வியர்க்கிறது, கடிக்கிறது” என்று பூட்ஸை லயத்து வாசலில் தொங்கவிட்டுப் போகும் தோழர்களே, இது உங்களுக்கும்தான்!

ஆகவே மூன்று வேண்டுகோள். கிராணிமார்களே, சம்பளச் சீட்டை எழுதுவது உங்கள் கை. பூட்ஸுக்குப் பிடித்தம் என்று ஒரு வரி வந்தால், எந்தச் சட்டப்படி என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். தோழர்களே, உங்கள் சீட்டை மட்டுமல்ல, பக்கத்து நிரையில் வெட்டும் வங்காளதேசத்துத் தோழரின் சீட்டையும் வாங்கிப் பாருங்கள். பிடித்தம் இருந்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். தாய்மார்களே, சப்பாத்து மட்டும் போதாது. கழிப்பிடம் சுத்தமாயில்லாவிட்டால் மண் மறுபடியும் நஞ்சாகும். வீட்டைப் பற்றிப் பேசும்போது கழிப்பிடத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவோம். அது நம் பக்தி. வீட்டு வாசலில் கழற்றுவோம். அது நம் பண்பு. நிரையில் நிற்கும்போது கழற்ற மாட்டோம். அதற்குக் காசும் கொடுக்க மாட்டோம். உலகின் காலுக்கு ரப்பர் தந்தவர்கள் நாம். நம் காலுக்குக் கேட்பது பிச்சையாகுமா?