பம்புசெட்டுச் சுருளும் மின்சாரக் கணக்கும்

(ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடைசிக் கம்பத்துக் கிணற்றில் மோட்டார் முனகுவதும், கோடையில் சுருள் புகைவதும் நம் ஊர்களுக்குப் புதியவை அல்ல. கேட்டால், "வோல்டேஜ் இல்லை" என்கிறோம். அது ஏன் இல்லை? காரணத்தில் ஒரு பகுதி நம் கிணற்று மேட்டிலேயே இருக்கிறது. ஒரு சிறு கணக்கினால் அதனை விளக்க விரும்புகிறேன். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தவர் எவரும் இதனைப் போடலாம்.

மோட்டாரில் மின்னோட்டத்தை மறிப்பவை இரண்டு. ஒன்று மின்தடை. வாய்க்காலில் மண்டிய புல்லைப்போல் ஓட்டத்தைக் குறைத்து, அதன் ஆற்றலை வெப்பமாக்குவது இது. மற்றொன்று மின்தூண்டல். கம்பியைச் சுருளாகச் சுற்றினால் இக்குணம் ஓங்கும். 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மையே இதற்கு அடிப்படை. ஊர்த் தேரை எண்ணிப் பாருங்கள். வடம் பிடித்தவுடன் அது புறப்படுவதில்லை; புறப்பட்டபின் முட்டுக்கட்டையின்றி நிற்பதுமில்லை. சுருளும் அத்தகையதே. ஓட்டம் ஏறும்போதும் மறுக்கும், இறங்கும்போதும் மறுக்கும். நம் மின்சாரமோ நொடிக்கு 50 சுற்றுகள் முன்னும் பின்னுமாகப் பாய்வது. ஆகவே சுருளில் ஓட்டம், வோல்டேஜுக்குப் பின்தங்கியே வருகிறது.

இந்த மறுப்பையும் ஓம் என்னும் அளவாலேயே குறிப்பர். சுருளின் தூண்டலை ஹென்றி அளவில் எடுத்து, 314-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். 314 என்பது 50 சுற்றுகளுக்கு உரிய எண். 0.127 ஹென்றிச் சுருளுக்கு மறுப்பு ஏறத்தாழ 40 ஓம். அதே சுருளின் மின்தடை 30 ஓம் என்று கொள்வோம். மொத்தம் எவ்வளவு? 70 என்று சொல்லத் தோன்றும், அது சரியன்று. தடைக்குரிய வோல்டேஜ் ஓட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. சுருளுக்குரிய வோல்டேஜோ கால் சுற்று முந்திவிடுகிறது. கால் சுற்று என்பது செங்கோணம். எனவே இரண்டையும் செங்கோணத்தில் வைத்தே கூட்ட வேண்டும்.

வீட்டுக்கு மூலை பார்க்கும் கொத்தனார் இதனை நன்கு அறிவார். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி என்பார். அதே கணக்குத்தான். 30-இன் வர்க்கம் 900, 40-இன் வர்க்கம் 1,600, கூட்டினால் 2,500, அதன் வர்க்கமூலம் 50. ஆக, மொத்த எதிர்ப்பு 50 ஓம். 230 வோல்ட்டை 50-ஆல் வகுக்க, ஓட்டம் 4.6 ஆம்பியர்.

இனித்தான் முக்கியமான செய்தி. 230-ஐ 4.6-ஆல் பெருக்கினால் 1,058 வருகிறது. கம்பியும் டிரான்ஸ்பார்மரும் சுமப்பது இவ்வளவு. உண்மையில் செலவாவதோ மின்தடையில் மட்டுமே. அது 635 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 30-ஐ 50-ஆல் வகுத்த 0.6 என்னும் விகிதத்தைத் திறன் காரணி என்பர். எஞ்சிய பங்கைச் சுருள் வாங்குவதும் திருப்பித் தருவதுமாக இருக்கிறது. இந்த வெறும் போக்குவரத்தும் கம்பி வழியேதான் நடக்கிறது. கம்பியைச் சூடாக்கி, கடைக்கோடியில் வோல்டேஜைக் குறைக்கிறது. ஓடும் மோட்டாரின் கணக்கு இதனினும் சிக்கலானது. ஆயினும் அடிப்படை இதுவே.

ஊரளவில் பாருங்கள். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர், திறன் காரணி 0.6 ஆனால் 60 கிலோவாட்டே தர முடியும், 0.9 ஆனால் 90 கிலோவாட் தரும். 5 குதிரைத் திறன் மோட்டார் முழுச் சுமையில் சுமார் 4.7 கிலோவாட் எடுப்பதாகக் கொண்டால், முன்னதில் 12 மோட்டார்கள், பின்னதில் 19. இடையிலுள்ள 7 மோட்டார்கள் யாருடையவை? இணைப்புக்குக் காத்திருக்கும் நம் ஊர்க்காரர்களுடையவை அல்லவா?

வேண்டியதற்கு மேல் பெரிய மோட்டார் வைப்பதைச் சிலர் பெருமையாகக் கருதுகின்றனர். அரைச் சுமையில் ஓடும் மோட்டாரின் திறன் காரணி மேலும் தாழும். 1990-இல் உழவர் பம்புசெட்டுகள் அனைத்துக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தபின், இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. சுருள் கட்டும் கூலியாகவே அது வெளிப்படுகிறது.

நிற்க. இதற்கு மாற்று கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கி. சுருள் கேட்கும் வேளையில் இது கொடுக்கும். சுருள் திருப்பும் வேளையில் வாங்கிக்கொள்ளும். அந்தப் போக்குவரத்து கிணற்று மேட்டோடு முடிந்துவிடும். நம் கணக்கில் சுமார் 51 மைக்ரோபாரட் மின்தேக்கியைச் சுருளுக்குப் பக்கத்தில் இணைத்தால், கம்பியில் ஓட்டம் 4.6-இலிருந்து 2.76 ஆம்பியராகும். வெப்பமாக வீணாவது ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், கம்பியில் 100 பங்கு இழப்பு 36 பங்காகும்.

5 குதிரைத் திறன் மும்முனை மோட்டாருக்கு 2 கிலோவார் மின்தேக்கி வைப்பது வழக்கம். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி மோட்டாரிலிருந்தே இதனைத் தொடங்கலாம். ஒருமுனை மோட்டார்ப் பெட்டியில் காணும் மின்தேக்கி, மோட்டாரைச் சுழலச் செய்வதற்கானது. அதனை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்டார்ட்டருக்குப் பின், மோட்டார் நிற்கும்போது தானும் இணைப்பு அறுமாறு இதனைப் பொருத்த வேண்டும். நிறுத்திய பின்னும் இதில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆதலால் தகுதி பெற்ற மின்பணியாளரைத் தவிர வேறெவரும் இதன் முனைகளைத் தொடலாகாது.