பெயர் கொள்ளும் எழுத்துகள்



எந்த எழுத்து சொல்லின் முதலில் நிற்கலாம் என்னும் கேள்வி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மொழிமரபில் அதற்கு விடை கூறினார். சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்று உயிரோடு மொழிக்கு முதலாகாது என்பது அங்கே பெரும்பாலோர் கொள்ளும் பாடம். பின்னர்ச் சங்கு, சடை போன்ற சொற்கள் வழக்கில் ஊன்றி நின்றன. நன்னூலார் பன்னிரண்டு உயிரோடும் சகரத்தை முதலாக ஏற்றார்.

கணிப்பொறி உலகிலும் இத்தகைய வழக்கொன்று நடந்து முடிந்திருக்கிறது. ஆவணத்தின் பகுதிகளைப் பெயரிட்டுக் குறிக்கும் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியை வைய விரிவு வலைக் கூட்டமைப்பு 1998-இல் வெளியிட்டது. பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே அமைய வேண்டும் என்று அது கூறவில்லை. கவிதைத் தொகுப்பொன்றைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் 'பாடல்', 'அடி', 'சீர்' எனத் தமிழிலேயே பெயரிடலாம். புள்ளியும் உயிர்க்குறிகளும் பெயரின் இடையிலும் இறுதியிலும் வரலாம், முதலில் வரலாகா என்பது அன்றைய விதி. தொல்காப்பியர்க்கும் இஃது உடன்பாடாகவே இருந்திருக்கும்!

பிழை வேறோரிடத்தில் இருந்தது. ஏற்கத்தக்க எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, அப்பட்டியலை ஒருங்குறியின் 2.0 பதிப்போடு பூட்டிவிட்டனர். தமிழ்ச் சுழியமும் 'ஶ' என்னும் கிரந்த எழுத்தும் ஒருங்குறியில் இடம்பெற்றதோ 2005-இல். விளைவு விந்தையானது. 'அடி௧' முதல் 'அடி௯' வரை பெயர்கள் சென்றன; 'அடி௧௦' செல்லவில்லை. 'ஶ்லோகம்' முதலெழுத்திலேயே தள்ளுண்டது. பாடலின் உள்ளே இவ்வெழுத்துகள் வரத் தடையில்லை. பெயராக மட்டும் அன்று வர இயலவில்லை. தமிழுக்கு இழப்பு சிறிதே. எத்தியோப்பிய, கெமர், பர்மிய எழுத்துகளோ 1999-இல்தான் ஒருங்குறியில் சேர்ந்தன. அவற்றை எழுதும் மக்கள் தம் எழுத்தில் ஒரு பெயர்கூட இட இயலாதிருந்தனர்.

2004-இல் வந்த 1.1 பதிப்பு இத்தடையை நீக்கிற்று. பழைய நிரல்கள் அதனை ஏற்காமையால் கைக்கொண்டோர் சிலரே. 2008-இல் வெளிவந்த, 1.0-இன் ஐந்தாம் பதிப்புதான் விதியைத் தலைகீழாக்கியது. விலக்க வேண்டிய சிலவற்றை விலக்கி, எஞ்சியவற்றை, இனி ஒருங்குறியில் சேரவிருக்கும் எழுத்துகளுக்கான இடங்களையும் கூட்டி, ஏற்றுக்கொண்டது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. புள்ளியே முதலில் நிற்கும் பெயரும் இன்று செல்லும். கெமர் எழுத்துக்குக் கதவு திறந்ததை எண்ணினால் அவ்விலை பெரிதன்று. மொழிமரபு கற்றவர் அப்படியொரு பெயர் இடார். கல்லாதவர் இட்டால், நிரல் வாய்திறவாது ஏற்றுக்கொள்ளும்.