ஊரார் பாதையும் ஊரார் படமும்
(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது பூகோளப் படத்தைப் பற்றிய விஷயம். படத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் உங்கள் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியை எண்ணிப் பாருங்கள். கலியாண வீட்டுக்கு வழி, ஆஸ்பத்திரிக்கு வழி, பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றிற்கும் அதிலுள்ள படத்தைக் கேட்டுத்தான் நடக்கிறோம். முன்பு தெருமுனை டீக்கடைக்காரரைக் கேட்டோம். இப்போது கூகுளைக் கேட்கிறோம். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படம் யாருடைய சொத்து, அதிலுள்ள அறிவு யாருடைய உழைப்பு என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை.

சர்க்கார் படம்

இந்தக் கேள்வி பலமாக எழுந்த இடம் இங்கிலாந்து. அங்கே ஆர்ட்னன்ஸ் சர்வே என்கிற சர்க்கார் இலாகா 1791 முதல் இருந்து வருகிறது. நாடு முழுவதையும் அளந்து படம் போட்டது அதுதான். வேலை வெகு நேர்த்தியான வேலை. அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தப் படத்தின் பதிப்புரிமை சர்க்காருக்கு. அளக்கப்பட்டதோ ஜனங்கள் நடக்கும் தெரு. இருந்தும் அந்தப் படத்தை வைத்து ஒருவர் சிறு வழிகாட்டிப் புஸ்தகம் போட வேண்டுமானால் அனுமதி வாங்கு, பணம் கட்டு என்றார்கள். ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்கிற பெரிய ஸ்தாபனம் சர்க்கார் படத்தைக் காப்பி அடித்ததாக வழக்கு வந்து, 2001-இல் 2 கோடி பவுன் கொடுத்து ராஜி செய்து கொண்டது. தெருவின் அகலத்தை வரைந்த மாதிரி முதலிய சின்னச் சின்ன அடையாளங்களைக் கொண்டே காப்பி கண்டுபிடிக்கப்பட்டது.

2004-இல் லண்டனில் படித்துக் கொண்டிருந்த ஸ்டீவ் கோஸ்ட் என்கிற வாலிபர் ஒரு காரியம் செய்தார். "அவர்கள் படம் வேண்டாம், நம் தெருவை நாமே நடந்து அளப்போம்" என்று ஆரம்பித்தார். ஜி.பி.எஸ். கருவியைக் கையில் வைத்துக் கொண்டு நடந்தால் போன வழி கோடாக விழும். அதற்குப் பெயரை எழுதினால் படம் ஆயிற்று. ஒருவர் தெரு, இன்னொருவர் தெரு என்று சேர்ந்து இன்று உலகம் முழுவதற்கும் படமாகியிருக்கிறது. அதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று பெயர். சர்க்கார் இலாகாவே 2010-இல் தன் படங்களில் ஒரு பகுதியை இலவசமாக வெளியிட்டது.

இல்லாத ஊர்

தோழர்களே, காப்பி அடிப்பதைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லுகிறேன். 1930-களில் அமெரிக்காவில் ஒரு படக் கம்பெனி, நியூயார்க் மாகாணத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு மண்பாதைச் சந்திப்பில் "ஆக்லோ" என்று ஓர் ஊரை எழுதி வைத்தது. படம் போட்ட இருவருடைய பெயர்களின் முதலெழுத்துக்களைக் கலைத்துக் கோத்த பெயர் அது. யாராவது காப்பி அடித்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே நோக்கம். பிறகு வேறொரு கம்பெனியின் படத்திலும் ஆக்லோ வந்தது. "அகப்பட்டுக் கொண்டாயா!" என்று முதல் கம்பெனி பாய்ந்தது. அவர்களோ, "அங்கே ஆக்லோ என்ற பெயரில் கடையே இருக்கிறதே!" என்றார்கள். எப்படி வந்தது தெரியுமா? படத்தில் ஆக்லோ என்று போட்டிருந்ததைப் பார்த்து யாரோ அந்தப் பெயரையே வைத்துக் கடை திறந்து விட்டார்! பொய்யை அச்சில் போட்டார்கள். அச்சைப் பார்த்து நிஜமே அதன்படி நடந்து விட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எழுதியிருக்கிறதே என்று நம்புவது வேறு, போய்ப் பார்த்து அறிவது வேறு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்காரர்களின் முதல் விதி இதுதான்: பிறர் படத்தைப் பார்த்து எழுதாதே, இடத்தைப் பார்த்து எழுது. கூகுள் படத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு தெருவின் பெயரைக்கூட எடுத்துப் போடக் கூடாது. மேலிருந்து எடுத்த போட்டோவின் மேல் கோடு போடலாமா என்றால், சொந்தக்காரர் அனுமதித்திருந்தால் போடலாம். மைக்ரோசாப்ட் தன் பிங் போட்டோக்களுக்கு 2010-இல் அப்படி அனுமதி கொடுத்தது.

தெருவின் பெயர் யார் சொத்து?

"தெருவின் பெயர் ஓர் உண்மை. உண்மைக்குக் கூடவா சொந்தக்காரன்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1991-இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட், டெலிபோன் புஸ்தக வழக்கொன்றில், வெறும் பெயரையும் நம்பரையும் அகர வரிசையில் அடுக்கியதற்குப் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்த வழக்கிலும் காப்பியைப் பிடிக்கப் போட்டிருந்த பொய்ப் பெயர்கள் நான்கு அகப்பட்டன! ஆனால் ஐரோப்பாவில் 1996-இல் வேறு சட்டம் வந்தது. பணமும் உழைப்பும் போட்டுச் சேர்த்த தகவல் தொகுப்புக்கு 15 வருஷ உரிமை உண்டு என்றார்கள். தேசத்துக்குத் தேசம் நியாயம் மாறினால், சாதாரண மனிதன் எந்த வக்கீலைத் தேடுவான்? வம்பே வேண்டாம், நாமே பார்த்து எழுதுவோம் என்பதே புத்திசாலித்தனம்.

இலவசம் என்னும் தூண்டில்

"கூகுள் நம்மிடம் காசு கேட்கவில்லையே!" என்பார்கள். வாஸ்தவம். 2005 முதல் நாம் பார்ப்பதற்குக் காசில்லை. ஆனால் அந்தப் படத்தைத் தங்கள் வியாபாரத்தில் வைத்து அதிகமாக உபயோகித்தவர்களுக்கு 2012-இல் கட்டணம் வந்தது. அந்த வருஷமே ஃபோர்ஸ்க்வேர் என்ற கம்பெனி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறிக் கொண்டது. கட்டணம் போடுவது கம்பெனியின் உரிமை. அதை நான் ஆட்சேபிக்கவில்லை. நான் ஆட்சேபிப்பது வேறு.

2008-இல் மேப் மேக்கர் என்று ஒரு சாதனத்தைக் கூகுள் கொடுத்தது. "உங்கள் ஊரை நீங்களே வரையுங்கள்" என்றார்கள். நம் நாட்டிலும் ஏராளமான வாலிபர்கள் இராத்திரி கண் விழித்து வரைந்தார்கள். 2017 மார்ச்சில் அந்தச் சாதனத்தை மூடினார்கள். வரைந்தவன் வீட்டுக்குப் போனான். வரைந்ததெல்லாம் கம்பெனியிடம் தங்கி விட்டது. ஊரார் கூடிக் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் வந்ததும் சாவி ஒருவர் இடுப்பில் ஏறிற்று. "வேண்டுமட்டும் குடியுங்கள், காசு வேண்டாம்" என்கிறார். சந்தோஷம்! ஆனால் சாவி யாரிடம்? நாளைக்குக் "கிடையாது" என்றால் என்ன செய்வீர்கள்?

"ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் நிபந்தனை உண்டே!" என்று சிலர் மடக்குவார்கள். உண்டு, இரண்டு முக்கிய நிபந்தனை. எங்கிருந்து எடுத்தாய் என்று சொல். அந்தத் தகவலைத் திருத்திப் பெருக்கி வெளியிட்டால், அதையும் அதே உரிமையோடு எல்லோருக்கும் விடு. கிணற்றுக்குப் பூட்டுப் போடாதே என்பதற்காக ஏற்பட்ட நிபந்தனை இது. 2012-இல் அவர்கள் தங்கள் உரிமைப் பத்திரத்தை மாற்றிய போது, சம்மதிக்காதவர்கள் வரைந்ததை எல்லாம் படத்திலிருந்து எடுத்தே விட்டார்கள். நஷ்டம்தான், ஆனாலும் கொடுத்தவன் சம்மதமில்லாமல் அவன் உழைப்பை வைத்துக் கொள்ளவில்லை. நாணயம் என்பது இதுவல்லவா?

படத்தில் இல்லாதவர்கள்

2010 ஜனவரி 12-இல் ஹைத்தி தேசத்தில் பூகம்பம் வந்து போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரம் இடிந்தது. உதவிக்குப் போனவர்களுக்குத் தெருப் படமில்லை. பல தேசத்து மனிதர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே, அதற்கென அனுமதிக்கப்பட்ட போட்டோக்களைப் பார்த்து இரவு பகலாக வரைந்தார்கள். மீட்பு வேலை செய்தவர்கள் அந்தப் படத்தைத் தங்கள் கருவியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். கென்யா தேசத்து நைரோபியில் கிபேரா என்னும் நெருக்கமான குடிசைப் பகுதி, அத்தனை ஜனங்கள் இருந்தும், படத்தில் வெற்றிடமாய்க் கிடந்தது. 2009-இல் அங்கேயுள்ள வாலிபர்களே பாதையையும் தண்ணீர் பிடிக்கும் இடத்தையும் கக்கூசையும் குறித்துப் படமாக்கினார்கள். வியாபாரிக்குக் கடைத்தெரு கண்ணில் படும். குடிசைக்காரனின் தண்ணீர்க் குழாய் அங்கே தண்ணீர் பிடிக்கிறவனுக்கல்லவா தெரியும்?

செய்ய வேண்டியது

உள்ளதைச் சொல்ல வேண்டும். வண்டி நெரிசல், கடை திறக்கும் நேரம் முதலியவற்றில் கம்பெனிப் படமே பல இடங்களில் மேலாக இருக்கிறது. ஊரார் படத்தில் தப்பும் உண்டு, வெற்றிடமும் உண்டு. ஆனால் அந்தத் தப்பை நீங்களே திருத்தலாம். திருத்தியது ஊர்ச் சொத்தாகவே இருக்கும். நம் நாட்டில் படம் போடுவதற்கு இருந்த முன் அனுமதிக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் 2021 பிப்ரவரியில் பெரும்பாலும் தளர்த்தியது. இராணுவம் முதலிய இடங்களுக்குள்ள தடையை மட்டும் மதித்து நடந்து கொள்ளுங்கள்.

ஆகையால் தோழர்களே, கம்பெனிப் படத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வழி பார்க்க எதை வேண்டுமானாலும் பாருங்கள். ஆனால் உங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுப்பதென்று தீர்மானித்தால், அது எல்லோருக்கும் போய்ச் சேரும் இடத்தில் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராகக் கிளம்புங்கள். உங்கள் தெருவின் பெயர், குழாய், பள்ளிக்கூடம், மழைக்காலத்தில் வண்டி போகாத பாதை இவற்றைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள். எந்தப் படத்தையும் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பி விடாமல், யோசித்து உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக் கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.