ஆள் மாறினாலும் அணி நிற்கும்

மாலையானால் நம் தோட்டத்துத் திடலில் பந்து உருளுகிறது. ஓராண்டு நம் பிள்ளைகள் கிண்ணத்தோடு வருகிறார்கள். மறு ஆண்டு அணியே கலைந்துவிடுகிறது. ஏன் இப்படி? இதற்கு விடை தேடி, சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள ஜூரோங்கை இன்று பார்ப்போம்.

முன்பு சதுப்பு நிலமாகக் கிடந்த ஜூரோங், 1961-ஆம் ஆண்டு முதல் ஆலைகள் எழும் ஊராக மாறிற்று. உழைப்பாளர் கூடிய ஊரில் காற்பந்தும் வளர்ந்தது. 1996-இல் எட்டுச் சங்கங்களுடன் சிங்கப்பூரில் தொழில்முறை லீக் தொடங்கியது. பின்னர் ஜூரோங் என்னும் பெயரைத் தாங்கிய சங்கமும் அதில் ஆடியது. ஆனால் 2004-ஆம் ஆண்டு லீக்கில் அது இல்லை.

அதே ஆண்டில் ஜப்பானின் நீகாத்தா நகரைச் சேர்ந்த அல்பிரெக்ஸ் சங்கம், தன் இளம் ஆட்டக்காரர்களைக் கொண்டு சிங்கப்பூரில் ஓர் அணி அமைத்தது. ஜூரோங் கிழக்கு விளையாட்டரங்கம் அதன் சொந்தத் திடலாயிற்று. அந்த அணி வந்தவுடன் வென்றுவிடவில்லை. 2004 முதல் 2015 வரை பன்னிரண்டு பருவங்களில் ஒரு முறைகூட லீக் பட்டம் அதற்குக் கிட்டவில்லை. 2011-இல் லீக் கிண்ணம் ஒன்று கிடைத்தது.

பிறகு காலம் திரும்பியது. 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் வென்றது. 2018-இல் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆனால் 2019-இல் பட்டம் புருணை அணிக்குப் போயிற்று. 2020-இல் மீண்டும் வென்றது, 2021-இல் இழந்தது, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மறுபடியும் வென்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அணியின் இளைஞர்களில் பலர் ஓரிரு பருவம் ஆடிவிட்டு வேறிடம் சென்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதியவர்களைப் பழக்க வேண்டியிருந்தது. ஆள் போனாலும் பயிற்சியும் நிருவாகமும் நிற்கவில்லை. பட்டமில்லாத பன்னிரண்டு பருவங்களிலும் சங்கத்தைக் கலைத்துவிடவில்லை.

நம் தோட்டத்திலும் பிள்ளைகள் வேலை தேடிப் பட்டணம் போகத்தான் செய்வார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் கெட்டிக்காரப் பையன் ஒருவனை நம்பியே அணி நடந்தால், அவன் பஸ் ஏறும் நாளில் அணியும் பஸ் ஏறிவிடும். திடல் வெறிச்சோடினால் சின்னப் பிள்ளைகள் மாலைப் பொழுதை எங்கே கழிப்பார்கள் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். பெரிய பையன்கள் ஆடும்போதே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் பழக்குவோம். சந்தாப் பணத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம் வைத்து, மாதந்தோறும் எல்லார் முன்னிலையிலும் படிப்போம். செயலாளர் ஒருவர் இருந்தால், அவரோடு வேலை கற்கத் துணைச் செயலாளர் ஒருவரையும் அமர்த்துவோம்.

தோற்று வரும் பிள்ளைகளை ஏசாதீர்கள். அடுத்த மாலையும் அவர்கள் திடலுக்கு வந்தால், அணி பிழைத்தது என்று மகிழுங்கள்.