யாருடைய வருங்காலம்?

(பொம்மனஹள்ளியில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



2016 ஏப்ரல் 18 அன்று இதே பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் பெண் தொழிலாளர்கள் வெளியேறி ஓசூர் சாலையை மறித்தனர். மறுநாள் போராட்டம் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. காவல்துறை தடியடி நடத்தியது. கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. அவர்கள் கூலி உயர்வு கேட்டு வரவில்லை. பி.எஃப். பணத்திற்காகவே தெருவுக்கு வந்தனர்.

1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த நிதிக்குத் தமிழில் வருங்கால வைப்பு நிதி என்று பெயர். கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி பேசுவோர் அருகருகே அமரும் தையல் வரிசையில் அது எல்லோருக்கும் பி.எஃப். மட்டுமே. சட்டத்தின் பார்வையில் வருங்காலம் என்பது முதுமை. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கோ அது வரும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், மகளின் திருமணம், தீர்க்க வேண்டிய கடன். வேலையை விட்டால்தான் அந்தப் பணம் முழுவதும் கைக்கு வரும் என்பதால், வேலையை விடுவோரும் உண்டு.

2016 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றது. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்திற்குப் போக, நிதியில் சேர்வது 3.67 சதவீதமே. ஆனால் அதுவும் தள்ளிவைக்கப்பட்ட கூலிதான். 58 வயதுவரை அந்த இயந்திரத்தின் முன் எத்தனை பேரால் அமர முடியும்? ‘சமூகப் பாதுகாப்பு’ என்று அரசு சொன்னது, தொழிலாளியின் காதில் ‘பறிமுதல்’ என்றே விழுந்தது. ஏப்ரல் 19 அன்றே அரசு பின்வாங்கியது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. அந்தப் போராட்டத்தை எந்தச் சங்கமும் அறைகூவி நடத்தவில்லை. அறிவிக்கையின் விதிகளைச் சங்கங்கள் அறிந்திருக்கலாம். ஆனால் அதன் பொருளை முதலில் உணர்ந்தவர்கள் அந்தப் பெண்களே.

2025 அக்டோபரில் நிதியின் மத்திய அறங்காவலர் குழு மீண்டும் முடிவெடுத்தது: வேலையிழந்தவர் முழுத் தொகையையும் பெற, இரண்டு மாதத்திற்குப் பதில் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்; 25 சதவீதம் குறைந்தபட்ச இருப்பாகக் கணக்கில் இருக்க வேண்டும். ‘சீர்திருத்தம்’ என்பது இதற்கு இடப்பட்டுள்ள பெயர்.

அந்தப் பெயரைத் தொழிலாளியின் மொழியில் பெயர்த்துச் சொல்வதே இன்றைய பணி. அதற்கு முன், ஆலை வாயிலில் நின்று அவள் சொல்லும் பொருளைக் கேட்டறிய வேண்டும். துண்டறிக்கை அங்கிருந்துதான் எழுதப்பட வேண்டும், தோழர்களே.