நெட்டைப் பூட்டினால் நெல்லும் தேங்கும்!

(போராட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்டர்நெட் என்பது படிச்ச பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கென்ன என்று யாரும் இருந்துவிட வேண்டாம். நாலு மூட்டை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடணும்னாலும் இன்னைக்கு ஆன்லைனில் பதியணும். பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல் எல்லாத்தையும் பொது சேவை மையத்தில் ஏத்தணும். மேட்டூரில் எவ்வளவு தண்ணி திறந்தாங்க, புயல் எங்க நிக்குது, எல்லாம் செல்போனில்தான். நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிடுமோ என்று வானத்தைப் பார்க்கிறவனுக்கு, நாலு நாள் நெட் இல்லைன்னா என்ன கதி?

இது வீண் பயமா? இல்லை. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போன மக்களைப் போலீஸ் சுட்டது. 13 உயிர் போனது. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துக்கும் 27-ஆம் தேதி வரை இன்டர்நெட்டை நிறுத்த உத்தரவு வந்தது. சுட்டது ஒரு ஊரில், பூட்டுப் போட்டது மூணு மாவட்டத்துக்கு! யார் செத்தாங்க, யார் ஆஸ்பத்திரியில் கிடக்காங்க என்று ஜனங்க தேடித் தவிக்கிற நேரத்தில் வாயைக் கட்டினார்கள்.

டெல்லியில் என்ன நடந்தது? மூணு வேளாண் சட்டங்களை எதிர்த்து நம் சகோதரர்கள் உட்கார்ந்திருந்த சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லையில் 2021 ஜனவரியில் நெட் துண்டிக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் ஹரியானாவின் 7 மாவட்டங்களில் அதே வேலை. ஆனால் போராட்டம் நின்றதா? போராட்டக் களத்திலேயே 'ட்ராலி டைம்ஸ்' என்று பத்திரிகை வெளியிட்டுக் கையில் கொடுத்தார்கள். 2021 நவம்பரில் மூணு சட்டமும் வாபஸ் ஆனது!

நம்ம டெல்டாவைப் பாருங்க. 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து, திரண்ட மக்கள் மேல் தடியடி நடந்த சேதி செல்போன் வழியாகவும் ஊர் ஊராகப் போனது. நெடுவாசலும் அப்படித்தான். அந்தப் போராட்டங்களுக்குப் பிறகுதான் 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அன்னைக்கு நெட்டைப் பூட்டியிருந்தால் நம்ம குரல் வெளியே போயிருக்குமா?

வதந்தியைத் தடுக்கத்தான் என்கிறது அரசாங்கம். உண்மைச் சேதி வராத இடத்தில்தானே வதந்தி காலூன்றும்? காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரி 10-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: காலவரையின்றி நெட்டை நிறுத்தக் கூடாது, உத்தரவை மக்கள் பார்க்க வெளியிடணும். 2024-ல் வந்த விதியும் ஒரு உத்தரவு 15 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் உத்தரவு போடுறதும் அதிகாரி, அது சரியா என்று பார்க்கிற குழுவிலும் அதிகாரிகளே. பாலுக்குப் பூனை காவலா?

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. அமைதியாக நடக்கும் போராட்டத்தைக் காட்டி நெட்டைத் துண்டிக்காதே!
2. எப்போது துண்டித்தாலும் காரணத்தோடு தமிழில் உத்தரவை எழுதி, தாலுகா ஆபீசிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டு!
3. நெட் இல்லாத நாளில் கையெழுத்து ரசீது போட்டு நெல்லை எடு! காப்பீட்டுக் கெடுவை அத்தனை நாள் நீட்டு!

நமக்கும் வேலை இருக்கு. சரியா தப்பா என்று விசாரிக்காமல் எந்தச் சேதியையும் அடுத்தவருக்கு அனுப்பாதீங்க. கிளை உறுப்பினர்களின் போன் நம்பரை நோட்டில் எழுதி வையுங்க; ஹரியானாவில் நெட் போனாலும் பேசுகிற லைன் இருந்தது. அதுவும் போனால் தண்டோரா இருக்கு, நோட்டீஸ் இருக்கு, சைக்கிள் இருக்கு. 1943-ல் தென்பரையில் பி. சீனிவாசராவ் சங்கம் கட்டியது செல்போன் வைத்தா?

சேதியைப் பூட்டலாம், சங்கத்தைப் பூட்ட முடியாது!
அணி திரள்வோம்! உரிமையை வெல்வோம்!